சிறுவர், கர்ப்பிணிகளின் உணவை அளக்கும் ஆய்வுகளைச் சலித்தெடுத்தல்

கொழும்பில் சமுதாய மருத்துவத்திலோ போசணையியலிலோ பட்டப்பின் படிப்பை மேற்கொள்வோர் முறைசார் மீளாய்வை (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை எல்லாம் வகுத்த முறைப்படி தேடித் தொகுப்பதை) தொடங்கியதும், தேடலில் வந்து குவியும் தலைப்புகளில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று திகைப்பதுண்டு. முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றே: கட்டுரை உணவை அளக்கும் கருவியைச் சோதிக்கிறதா, அல்லது அக்கருவியைக் கொண்டு வேறொன்றை ஆராய்கிறதா? கர்ப்பிணிகளின் உணவுக்கும் இரத்தச்சோகைக்கும் உள்ள தொடர்பை வினாக்கொத்து மூலம் ஆராய்ந்த கட்டுரை இரண்டாம் வகை. அதே வினாக்கொத்தின் விடைகளை, உண்டதை எடை நிறுத்துக் குறித்த உணவுப் பதிவோடு ஒப்பிட்டது முதல் வகை. எது வேண்டும் என்பதைத் தேடலுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டோடு நின்றுவிடாமல், இலங்கை ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பான எஸ்.எல்.ஜே.ஓ.எல் தளத்தையும் தேடுங்கள். இரட்டைப் பதிவுகளை நீக்கிய பின், ரையான் போன்ற மென்பொருளில் இருவர், ஒருவர் முடிவை மற்றவர் காணாதவாறு, தலைப்பையும் சுருக்கத்தையும் வாசிக்க வேண்டும். முதல் 50 பதிவுகளை ஒத்திகையாக எடுத்து முடிவுகளை ஒப்பிடுவது நல்லது. பெரும்பாலானவை தள்ளப்படும் இடத்தில் இருவரும் நன்கு ஒத்துப்போனாலும் கப்பா மதிப்பு (தற்செயலைக் கழித்து இருவரின் உடன்பாட்டை அளக்கும் எண்) தாழ்ந்து வரலாம் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து மனம் சோர வேண்டியதில்லை. ஐயம் எழுந்தால் இக்கட்டத்தில் தள்ளாதீர்கள்.

முழுக் கட்டுரையை வாசிக்கும்போது, விடை சொன்னவர் யார் என்பதைத் தேடுங்கள். சிறு பிள்ளையின் உணவைத் தாய் சொல்கிறார். ஆனால் காலையில் அவர் கட்டிக் கொடுத்த இடியப்பத்தில் பிள்ளை எத்தனையை உண்டது, எத்தனையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தது, கன்டீனில் என்ன வாங்கியது என்பது அவருக்குத் தெரியாது. பரிமாறியதை உண்டதாகக் கணக்கிட்ட கட்டுரையை அதற்காகவே தள்ளத் தேவையில்லை, ஆனால் தரமதிப்பீட்டுக்காகக் குறித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை எந்த மும்மாதம் என்பதும், திரிபோஷா என்ற சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் கணக்கில் சேர்ந்தனவா என்பதும் முக்கியம். மசக்கை மிகுந்த வாரங்களில் எடுத்த ஒரே ஒரு 24 மணிநேர நினைவுகூரல் (முந்தைய நாள் உண்டதைக் கேட்டுப் பதிவது) அவரின் வழக்கமான உணவைக் காட்டாது.

எத்தனை வகை உணவுக் கூட்டங்கள் உண்ணப்பட்டன என்பதை எண்ணும் உணவுப் பன்முகத்தன்மைச் சுட்டிகளில், வரையறையின் ஆண்டைக் கவனியுங்கள். 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2008இன் வரையறை 7 உணவுக் கூட்டங்களில் குறைந்தது 4 என்றது; 2021இன் வரையறையோ தாய்ப்பாலையும் சேர்த்து 8இல் 5 என்கிறது. பெயர் ஒன்று, அளவுகோல் வேறு. 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கான சுட்டி 10இல் 5. அது மக்கள்தொகைக்கு உரியதேயன்றித் தனியொருவரின் போசணையைத் தீர்மானிப்பதற்கன்று.

முடிவுகளில், இரு அளவீடுகளும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் இணைபுக் குணகத்தை மட்டும் தந்து, ‘கருவி செல்லுபடியாகும்’ என்று அறிவிக்கும் கட்டுரைகள் ஏராளம். இரு முறைகளுள் ஒன்று எப்போதும் கூட்டிச் சொன்னாலும் இணைபு உயர்ந்தே இருக்கக்கூடும். ஆகவே இரு முறைகளின் விடைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டும் பிளாண்ட்–ஆல்ட்மன் ஒப்பீடு உண்டா என்று பாருங்கள். சொன்ன உணவின் சக்தியை உடலின் சக்தித் தேவையோடு ஒப்பிட்டு, குறைத்துச் சொன்னோரைக் கண்டறியும் கோல்ட்பர்க் வரம்பு உடல் எடை நிலையாக இருப்பதாகக் கொள்வதால், எடை கூடிவரும் கர்ப்பிணிகளிடம் அதை அப்படியே பொருத்துவது எனக்கு ஏற்புடையதன்று.

முழுவாசிப்பில் தள்ளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தை உடனே பதியுங்கள். மீளாய்வுகளை அறிக்கையிடும் நெறியான பிரிஸ்மா 2020இன் வரைபடம் அதைக் கேட்கும். ஒரே ஆய்வு பட்டப்பின் ஆய்வேடாகவும் மாநாட்டுச் சுருக்கமாகவும் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வந்திருந்தால், மூன்றையும் ஒன்றாகவே எண்ணுங்கள்.