வாட்டர்மார்க் இல்லை என்று முடிவு கட்டும் முன்

1894-ல் அமெரிக்காவில் வந்த, கடற்படை வீரர் பெர்ரியின் முகம் கொண்ட ஒரு டாலர் தபால்தலையையும் 1895-ல் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே முகம், அதே கறுப்பு, ஓரத் துளைகளும் (இரண்டு சென்டிமீட்டருக்கு) 12 தான். 1895 தாளில் மட்டும் யு.எஸ்.பி.எஸ். என்ற எழுத்துகள் தாளுக்குள்ளேயே பதிந்த நீர்க்குறியாக (வாட்டர்மார்க்) இருக்கும். குறி இல்லாத 1894-க்குத்தான் விலை அதிகம். எழுத்து கண்ணில் படாவிட்டால் உடனே "1894" என்று எழுதி ஆல்பத்தில் ஒட்டிவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. ஆசை கண்ணை மறைக்கிறது, வேறொன்றுமில்லை.

முழு எழுத்தைத் தேடாதீர்கள். எழுத்துகள் தாள் முழுக்க இடைவெளி விட்டு ஓடுகின்றன. உங்கள் தபால்தலையில் விழுந்தது எஸ்ஸின் ஒரு வளைவாகவோ ஓரத்தில் பி-யின் காலாகவோ இருக்கலாம். தலைகீழாகவோ பக்கவாட்டிலோ கிடக்கலாம். 1895 முதல் 1910 வரை இரட்டைக் கோட்டு எழுத்து, ஓரளவு எளிது. 1910-க்குப் பின் வந்த ஒற்றைக் கோடுதான் படுத்தும். 1914-ன் ஒரு சென்ட் பச்சைக்கும் 1916-ன் பச்சைக்கும் துளை 10. பிரிப்பது அந்த மெல்லிய கோடு ஒன்றே: 1914-ல் உண்டு, 1916-ல் இல்லை.

வெறும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்து வாட்டர்மார்க் திரவத்தை விடுங்கள். ஊறும்போது தெரியாத கோடு, காயத் தொடங்கும் சில நொடிகளில் கருமையாக எழும்பும். அதற்குள் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு காகிதத் துண்டான பழைய ஹிஞ்ச் ஒட்டியிருந்தால் குறி மங்கும். தாள் சுரண்டப்பட்ட இடமும் கறுப்பாகவே தெரியும், அதை எழுத்தென்று நினைக்காதீர்கள். ஆரஞ்சு, மஞ்சள் தபால்தலைகளுக்கு நிற ஃபில்டர் வைத்தால் உதவும். தண்ணீரில் பரிசோதித்தால் பசை போய்விடும். இந்தத் திரவங்களில் பல தீப்பற்றக்கூடியவை: ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். பழைய நூல்கள் சொல்லும் கார்பன் டெட்ராகுளோரைடு விஷம், தொடவே வேண்டாம்.

ஆண்டை மட்டும் வைத்து ஒதுக்குவதும் தவறு. 1917-ல் வந்த 11 துளை இரண்டு சென்ட் வாஷிங்டன் ஒன்று, பழைய இரட்டைக் கோட்டுத் தாளில் இருக்கிறது. 1938-ல் தொடங்கிய அமெரிக்க ஜனாதிபதிகள் தொடரின் ஒரு டாலர் வில்சனிலோ, ஒரு பகுதி 1951-ல் தவறுதலாக வருவாய் முத்திரைக்கான யு.எஸ்.ஐ.ஆர். தாளில் அச்சானது. அந்தத் தொடரில் வேறெதையும் நனைக்க வேண்டியதில்லை. ஊதாவும் கறுப்புமான வில்சனை மட்டும் ஒருமுறை தட்டில் போட்டுப் பாருங்கள்.