பார்த்த படத்தைப் பற்றிக் கருத்து எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நம்மில் பலர் தமிழ்ப் படங்களை ஆங்கில சப்டைட்டிலின் துணையோடுதான் பார்க்கிறோம் என்பதால், வசனம் சப்பென்று இருந்தது எனக் குறை எழுதுமுன், குறை வசனத்திலா, கீழே ஓடிய மொழிபெயர்ப்பிலா என்று அந்தக் காட்சியை மீண்டும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்; தமிழ் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.

படம் பார்த்த அன்றே, மனத்தில் தங்கிய ஒரு காட்சியைக் குறித்துவைத்து, அதிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். கதைச்சுருக்கத்திற்கு இரண்டு வரி போதும்.

தொடராயின் எத்தனை பகுதிகள் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 2022-இல் வெளிவந்த ‘சுழல்’ மர்மத் தொடரின் முதல் பருவத்து எட்டுப் பகுதிகளில் முதல் நான்கைப் பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கியிருப்பதால், பாதியில் நிறுத்தியவரின் தீர்ப்பு ஒருவரது பணியை மட்டுமே தொடும். அதில் வரும், அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவை, ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நம் ஊர்க் கோயில்களின் நினைவோடு பார்த்திருந்தால், அதை எழுதத் தயங்க வேண்டாம். சென்னை விமரிசகரிடம் கிடைக்காத பார்வை அது. (மர்மத்தைவிட அந்தத் திருவிழாவே எனக்குப் பிடித்திருந்தது.)

குற்றவாளி யார் என்பதை மட்டும் எழுதாதீர்கள்.