இலைக்கு மூலக்கூறு எடை எவ்வளவு?

டிசம்பர் வந்தால் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பிள்ளைகள் பை நிறைய இலையோடு ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்கள். அமிலத்தில் இரும்பு அரிக்கப்படுவதை (அரிமானம்) இலைச்சாறு எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் சோதனை. இலைச்சாறு, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மைல்டு ஸ்டீல் துண்டுகள். 20 வருடத்துக்கு முன் நான் தூக்கிக்கொண்டு வந்த அதே சாமான்கள். தவறுகளும் அதே தவறுகள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

தேய்த்த துண்டை விரலால் எடுப்பது

இடுக்கி எதற்கு இருக்கிறது?

மில்லிகிராமுக்கு மோல் வேடம் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். சாற்றிலுள்ள கரிமச் சேர்மங்கள் இரும்பின் மேலிருந்த தண்ணீர் மூலக்கூறுகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன, அரிமானம் குறைகிறது. எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகின்றன என்று காட்ட லாங்மூர் கோடு போடுவோம்: ஒரு அச்சில் சாற்றின் செறிவு, மறு அச்சில் அதே செறிவை மூடிய பரப்பால் (இரும்புப் பரப்பில் சாறு மூடிய பங்கு) வகுத்தது. அதிலிருந்து K என்ற ஒட்டும் மாறிலியை எடுத்து, 55.5-ஆல் பெருக்கி, கட்டிலா ஆற்றல் (free energy) கணக்கிடுவோம்; எவ்வளவு எதிர்மமோ அவ்வளவு இறுக்கம். அந்த 55.5 என்பது ஒரு லிட்டர் தண்ணீரிலுள்ள மோல்கள். அப்படியானால் K-யும் மோல் கணக்கில்தானே வர வேண்டும்? நாம் எடுத்ததோ மில்லிகிராமில். அதை மோலாக்க மூலக்கூறு எடை வேண்டும்.

என்னுடைய வைவாவில் தேர்வாளர் பக்கத்தைப் புரட்டியபடி கேட்டார்: "இந்த இலைக்கு மூலக்கூறு எடை எவ்வளவு தம்பி?" ஆடாதோடை இலை. அதில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது, 188 என்று சொல்லிச் சமாளித்தேன். "சாறு முழுக்க அதுதானா? டானின், சர்க்கரை எல்லாம் எங்கே போச்சு?" அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

நீங்களே போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 100, 200, 300, 400 மில்லிகிராம் சாறு. மூடிய பரப்பு 0.80, 0.85, 0.88, 0.90. மில்லிகிராமிலேயே K எடுத்தால், 25 டிகிரியில் கட்டிலா ஆற்றல் மோலுக்கு −2.5 கிலோஜூல். அதே தரவைக் கிராமில் போட்டால் −19.6. துண்டும் அமிலமும் மாறவில்லை, அலகுதான் மாறியது. 17 கிலோஜூல் நகர்ந்துவிட்டது. −20 பக்கம் என்றால் இயற்பரப்பு கவர்தல் (மின்கவர்ச்சியால் லேசாக ஒட்டுவது), −40 பக்கம் என்றால் வேதிப்பரப்பு கவர்தல் (வேதிப்பிணைப்பால் இறுக ஒட்டுவது) என்று அடுத்த பத்தியில் தீர்ப்பு வேறு எழுதுவோம்!

கோடு நேராக வந்ததே என்பார்கள். வராமல் எங்கே போகும்? இரண்டு அச்சிலும் செறிவு உட்கார்ந்திருக்கிறது. மூடிய பரப்பு 0.8-க்கு மேல் போய் அசையாமல் நின்றுவிட்டால், கோடு தானாகவே நேராகும். சாறு என்றால் தடுப்புத் திறனை (அரிமானம் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை) மட்டும் சொல்லுங்கள். கட்டிலா ஆற்றல் வேண்டுமென்றால் ஒற்றைச் சேர்மத்தைப் பிரித்தெடுத்துவிட்டு வாருங்கள்.

30 டிகிரியோடு நிறுத்திக்கொள்வது

60-லும் பாருங்கள். அமிலத்தில் குளோரைடு முதலில் இரும்பில் ஒட்டும்; சாற்றிலுள்ள, புரோட்டான் ஏறி நேர்மின்சுமை பெற்ற அமீன் (நைட்ரஜன் உள்ள சேர்மம்) அதன்மேல் உட்காரும். இந்த மின்கவர்ச்சி மட்டும்தான் பிடிமானம் என்றால், சூடு ஏறியதும் கழன்றுவிடும்.

அமிலத்தில் வந்த 95% தடுப்புத் திறனைக் கடல்நீருக்கும் எழுதுவது

செல்லாது. அங்கே தனியாகச் சோதியுங்கள்.

போன மாதத்துச் சாறு

ஃபிரிட்ஜில் மேலே மிதக்கும் வெள்ளைப் படலம் பூஞ்சை. கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள்.