லயத்து வீட்டுல 40 மீட்டர் ஆண்டெனா கட்டுறது எப்படி

இது ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கா பேசுற அமெச்சூர் வானொலிக்கான ஆண்டெனா; 40 மீட்டர்ங்கறது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையோட பேரு, வயரோட நீளம் இல்ல. சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வசதி, இடத்துக்குப் பஞ்சமில்ல. எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு ஆணையம்) லைசன்ஸ் கையில வந்தப்புறம்தான் டிரான்ஸ்மிட், அதுக்கு முன்னாடி கேக்குறதோட சரி.

ரேடியோவுக்கு 13.8 வோல்ட் வேணும், 100 வாட் செட்டு 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனால 30 ஆம்பியர் பவர் சப்ளை வாங்கிடுங்க, இதுல கஞ்சத்தனம் வேணாம்.

டைபோல்தான் பெஸ்ட், அதாவது நடுவுல கேபிள் சேர்ற, ரெண்டு பக்கமும் சம நீளத்துக்கு வயர் போற ஆண்டெனா. 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வரும், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், ஆனா ஒரு பக்கத்துக்கு 10.4 மீட்டரா வெட்டுங்க, கூட இருந்தா மடிச்சுக்கலாம், குறைஞ்சா ஒட்டுப்போடணும். ரெண்டு முனையிலயும் பிவிசி பைப் துண்டுல ஓட்டை போட்டு வயரைக் கோர்த்து, அதுல நைலான் கயிறு கட்டி மூங்கில்ல இழுங்க. டிரான்ஸ்மிட் பண்றப்போ முனையில வோல்டேஜ் எகிறும், பிள்ளைங்க கைக்கு எட்டக்கூடாது, டிஎன்பி கரண்டு கம்பிகிட்ட போகவே போகாதீங்க. நடுவுல பாலன் (ரெண்டு பக்க வயரையும் கேபிளோட சரியா சேர்க்குற சின்ன கருவி) வைங்க, ரேடியோவுக்குப் போற கோஆக்ஸ் கேபிள் இணைப்புல தண்ணி இறங்காம செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் (தன்மேலயே ஒட்டிக்கிற ரப்பர் டேப்) சுத்துங்க, நம்ம ஊர் மழை சும்மா விடாது.

உயரம் 6 மீட்டர்தானான்னு கவலைப்படாதீங்க, சிக்னல் செங்குத்தா மேல போய் வானத்துல இருக்கற அயனி மண்டலத்துல பட்டு திரும்பி வரும், பகல்ல பினாங்கு, ஜோகூர் பேச அதான் தோது.

இப்போ குறைஞ்ச பவர்ல எஸ்டபிள்யூஆர் பாருங்க, ஆண்டெனாவுக்குப் போற பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற அளவு அது, 1 வந்தா திரும்பி வரலன்னு அர்த்தம். 6.9 மெகாஹெர்ட்ஸ்ல ரொம்பக் குறைவா காட்டுனா வயர் நீளமா இருக்குன்னு அர்த்தம், ரெண்டு பக்கமும் சமமா மடிங்க, 1.5க்குள்ள வந்தா போதும் லா, 1.1க்கு மல்லுக்கட்ட வேணாம்.

மத்தியானம் இடி கேக்குறதுக்கு முன்னாடியே கோஆக்ஸைக் கழட்டி வெளிய போட்டுடுங்க.