வசனமில்லாத அனிமேஷன் கதையை எழுதித் திருத்தும் விதம்

முதல் வரைவைத் தயங்காமல் சொற்களிலேயே எழுதுங்கள். "அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது", "மூன்று மாதம் போனது" எல்லாம் இருக்கட்டும். அடுத்த நாள் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத ஒவ்வொரு வரியையும் வெட்டுங்கள். வெட்டியவற்றை எறிய வேண்டாம், தனித்தாளில் எழுதி வையுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலையோ பொருளையோ தேடிக் கண்டுபிடிப்பதுதான் இரண்டாவது வரைவு.

நான் இப்போது செய்துகொண்டிருக்கும் கதையையே சொல்கிறேன். திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரை, கரைவலை (கடலில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலை) இழுக்கும் ஆட்கள், தகப்பனை இழந்த ஒரு சிறுமி. "அப்பா செத்துப்போனார்" என்பதை எப்படி வரைவது? சுவரில் மாலை போட்ட படம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது விளங்கும், ஆனால் நெஞ்சில் தைக்காது. கதை நடக்கும் இடத்திலேயே தேடுங்கள். கரைவலைக் கயிற்றை வரிசையாக நின்றுதான் இழுப்பார்கள். அந்த வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டேன். சிறுமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் அவள் எங்கே போய் நிற்பாள் என்று பார்ப்பவருக்கு முன்பே தெரிந்துவிடும். தெரியட்டும். எப்போது போவாள் என்று காத்திருக்கத் தொடங்குவார்கள், எனக்கு வேண்டியது அதுதான்.

காலம் போவதைக் காட்ட ஊரே உதவும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் கடல் அடங்கிக் கிடக்கும், வலை வளைப்பார்கள். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் தோணியைக் கரையில் மேலே ஏற்றிவிடுவார்கள். இரண்டு படம் போதும். பொழுதுக்கு நிழல் இருக்கிறது. எங்கள் பக்கம் சூரியன் கடலில் எழும்புவதால் காலையில் நிழல் ஊர்ப்பக்கம் நீளும், பின்னேரம் கடற்பக்கம். சூரியன் கடலுக்குள் இறங்குவதாக வரைந்தால் திருகோணமலைப் பிள்ளை உடனே பிடித்துவிடும்.

மனதில் ஓடுவதைக் காட்ட முகத்தைப் போட்டு வருத்த வேண்டாம். முகம், அவள் பார்க்கும் பொருள், மறுபடி முகம். ஒரே முகத்தைச் சூப்புக் கோப்பைக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒட்டினால் பார்ப்பவர் வேறு வேறு உணர்ச்சியை அதில் காண்பார் என்பது ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் அறியப்படும் பாடம். அனிமேஷனில் அதை முழுதாக நம்பலாம்.

பிறகு நெருப்புப்பெட்டி அளவில், ஒட்டுத்தாளில், காட்சிக்கு ஒன்றாகக் கீறுங்கள். இடம் மாற்றி ஒட்ட வசதி. உருவத்தைக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவிலேயே யார் என்ன செய்கிறார் என்று தெரியாவிட்டால் நிற்கும் நிலையை மாற்றுங்கள்.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. கதை தெரியாத ஒருவர் முன் அவற்றை வரிசையாக வைத்து, வாயைத் திறக்காமல் இருங்கள். கதையை அவர் சொல்லட்டும். நான் காட்டிய ஓர் அண்ணர் அந்த இடைவெளியைப் பார்த்து, "ஆள் தேத்தண்ணி குடிக்கப் போட்டான் போல" என்றார். விளக்கம் சொல்லத்தான் மனம் துடிக்கும். சொல்லாதீர்கள், படத்தோடு நீங்கள் கூடவே போக முடியாது. நான் ஒரு காட்சி சேர்த்தேன்: புதிதாக வந்தவன் அந்த இடத்தில் நிற்கப் போகிறான், பக்கத்தில் நிற்கும் கிழவர் அவன் தோளைத் தொட்டு வரிசையின் கடைசிக்கு அனுப்புகிறார். அதற்குப் பிறகு யாரும் தேத்தண்ணியைப் பற்றிப் பேசவில்லை.

ஒட்டுத்தாள் கதை நின்றதும், படங்களைக் கிரிட்டா அல்லது பிளெண்டர் மென்பொருளில் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நேரம் கொடுங்கள். இரண்டும் இலவசம். நொடிக்கு 24 சட்டகம் (frame) ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. அதனால் வெட்ட வேண்டியதை இந்தக் கட்டத்திலேயே வெட்டுங்கள். ஆனால் பாத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சிகளை அவசரப்படுத்தாதீர்கள். வசனம் இல்லாத இடத்தில் பார்ப்பவருக்குத் தேடிப் பார்க்க நேரம் வேண்டும்.

சத்தத்தை அதன் பிறகு சேருங்கள்: அலை, மணலில் கால், ஈரக்கயிறு. இழுக்கும்போது பாடுவது உண்டு. அந்தப் பாட்டின் சொற்களை விட்டு மூச்சையும் தாளத்தையும் மட்டும் வைத்திருக்கிறேன். இசை எல்லாவற்றுக்கும் பிறகு. சத்தமே இல்லாமல் ஓடவிட்டும் கதை விளங்கினால் மட்டும் அதைத் தொடுங்கள்.