டூம் மெட்டலுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது

டூம் மெட்டல் என்றால் மெதுவாக, கனமாக நகரும் ஒருவகை ராக் இசை. போன மாதம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, இந்த டூம் மெட்டலை எதிலிருந்து ஆரம்பிக்கணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் போனில் ஏதோ ஒரு பட்டியலின் முதல் பாட்டைத் தட்டிவிட்டான். போன் ஸ்பீக்கரில். பேஸ் கிட்டார் இருக்க வேண்டிய இடத்தில் கொசு பறந்தது. இருபது விநாடியில் "போர் மாமா" என்று மாற்றிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆகவே முதல் வேலை, காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்றைத் தேடி எடுப்பது. விலை உயர்ந்தது வேண்டாம். பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பேஸைக் கூட்டும் பொத்தானைத் தொடாதீர்கள். இந்த இசையில் அதை ஏற்கெனவே கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம். இசைக்குழு, ஆல்பம், முதல் பாட்டு மூன்றுக்கும் ஒரே பெயர். இங்கிலாந்தின் பர்மிங்காம் பையன்கள் நாலு பேர், ஒரே நாளில் பதிவு செய்து முடித்தது. வெளியானது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அரை நிமிடத்துக்கும் மேல் மழையும் மணியோசையும்தான் கேட்கும். தள்ளிவிடாதீர்கள். பிறகு கிட்டார் மூன்றே சுரம் வாசிக்கும்: ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த ம. அவ்வளவுதான். நம் காது அடுத்துப் பஞ்சமம் வரும் என்று காத்திருக்கும். அது வராது. அந்த ம-வையே நடுங்க நடுங்க இழுத்து நிறுத்திவிட்டு, மறுபடி ச-வுக்குப் போய்விடுவார் கிட்டார்காரர் டோனி ஐயோமி. வயிற்றில் ஏதோ செய்வது அங்கேதான். நாலரை நிமிடம் தாண்டியதும் பாட்டு ஓட ஆரம்பிக்கும். அதுவரை பொறுத்தவருக்குத்தான் அந்த ஓட்டத்தின் அருமை தெரியும்.

ஐயோமியின் விரல் கதையைத் தெரிந்துகொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போவது நல்லது. பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலை வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் வெட்டிவிட்டது. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மாட்டிக்கொண்டு வாசித்தார். தந்திகளையும் மெல்லியதாக்கினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுகளுக்குத் தந்தியைத் தளர்த்தி, மூன்று கட்டைச் சுருதியில் நிற்க வேண்டியதை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். விரலுக்கு நிம்மதி, நமக்கு அந்தக் கனம். ஆல்பம் ஒரு இருமலோடு தொடங்கும். முதல் தடவை கிட்டாரை விட்டுவிட்டு கீசர் பட்லரின் பேஸை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் தடவை எல்லாவற்றையும் சேர்த்து.

நடுவில் கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் அதே ஊர்க்காரர்களான ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி' (1976). பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் உச்சஸ்தாயிக்காக மட்டுமே கேட்கலாம்.

அப்புறம் 1986. ஸ்டாக்ஹோமிலிருந்து கேண்டில்மாஸ் குழு, 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்'. ஆறே பாட்டு. யோஹான் லாங்க்விஸ்ட் ஓப்பராக்காரர் போல நெஞ்சிலிருந்து பாடுவார். உறுமல், கத்தல் எதுவும் இல்லாததால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதும் ஓடவிடலாம். டூமுக்கென்று ஒரே ஓர் ஆல்பம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அதே வருடம் லாஸ் ஏஞ்சலஸில் செயிண்ட் வைட்டஸ் 'பார்ன் டூ லேட்' கொண்டுவந்தார்கள். சுற்றிலும் பங்க் என்னும் வேக ராக் கூட்டம் தலைதெறிக்க வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மாட்டுவண்டி ஓட்டினார்கள். பதிவு கரகரப்பாகத்தான் இருக்கும், உங்கள் ஹெட்போனில் கோளாறில்லை.

ஸ்லீப் என்ற குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' கடைசியில். ஒரே பாட்டு, 63 நிமிடம். எனக்கு நண்பன் ஒருவன் முதலில் கொடுத்ததே இதுதான். பத்தாவது நிமிடத்தில் தூங்கிப்போய், பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்தேன். அதோடு இரண்டு வருடம் இந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. இப்போது இரவில் பாத்திரம் கழுவும்போது போடுகிறேன். சிங்க் காலியாகும்போது பாட்டு பாதியைக்கூடத் தாண்டியிருக்காது.

அக்கா மகன் இப்போது 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்கு வந்திருக்கிறான். ஹெட்போன் என்னுடையது. இன்னும் திரும்பி வரவில்லை.