மனைப் பத்திரத்தில் வரும் சொற்களைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி

கடலூரில் ஒரு மனையைப் பார்த்துப் பிடித்துவிட்டால், விற்பவர் வழக்கமாக நம் கையில் மூன்று காகிதங்களைத் தருவார்: கிரயப் பத்திரத்தின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று. ஒரே மனையைப் பற்றியவை என்பதால் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்வதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஒன்று இல்லாத குறையை மற்றொன்று நிரப்பிவிடாது. முன்பணம் கொடுக்குமுன் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கிரயப் பத்திரம் என்பது யாரிடமிருந்து யாருக்குச் சொத்து விலைக்குச் சென்றது என்பதற்கான பதிவு செய்யப்பட்ட ஆவணம். விற்பவருக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்பதைக் காட்டும் முந்தைய பத்திரங்களை மூலப்பத்திரம் அல்லது தாய்ப்பத்திரம் என்கிறோம். பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். எந்தப் புல எண்ணில் (சர்வே எண்), எந்த உட்பிரிவில், எவ்வளவு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அது சொல்லும். ஆனால் பட்டா மட்டுமே உரிமையை உறுதிசெய்யாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றவர்களின் பங்கு என்ன என்பதையும் விசாரிக்க வேண்டும். வில்லங்கச் சான்றோ, நாம் கேட்ட காலத்துக்குள் அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்ப்பேச்சில் முடிந்த பாகப்பிரிவினை ஆகியவை அதில் வராமல் போகலாம். ஆகவே ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்த சான்றைக் கண்டு முழு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பத்திரத்தில் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிடும் பகுதி, கடைசியில் வரும் சொத்து விவரம். என் கருத்தில் முதலில் படிக்க வேண்டியதே அதுதான். மனை எண் 14 என்று வைத்துக்கொள்வோம். “கிழமேல் செல்லும் தெருவுக்கு வடக்கு, மனை எண் 13-க்குக் கிழக்கு, மனை எண் 15-க்கு மேற்கு, மனை எண் 9-க்குத் தெற்கு” என்று நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும். இதில் தெரு வடக்கே இருப்பதாகப் படித்துவிடுபவர்கள் உண்டு. தெருவுக்கு வடக்கில் நம் மனை இருக்கிறது என்பதே பொருள். எனவே தெரு தெற்கில் இருக்கிறது, மனை தெற்குப் பார்த்தது. அடுத்து, “கிழமேல் வடபுறம் 40 அடி, தென்புறம் 40 அடி, தென்வடல் கீழ்ப்புறம் 60 அடி, மேல்புறம் 60 அடி” என்று அளவு வரும். இங்கே கீழ் என்பது கிழக்கு, மேல் என்பது மேற்கு. 40-ஐ 60-ஆல் பெருக்கினால் 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்ட், ஏறத்தாழ ஐந்தரை சென்ட். பட்டாவில் இதே பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் ஏறத்தாழ 2.23 ஏர் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்) என்று இருக்க வேண்டும். நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, இந்த மூன்று கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். குழி என்ற பழைய நில அளவைக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுவதால், சதுர அடியையும் எழுதச் சொல்லுங்கள்.

குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களில்தான் குழப்பம் அதிகம். விலையின்றிச் சொத்தைக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட் பத்திரத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் ஏற்றுக்கொண்டால் உரிமை அப்போதே மாறிவிடும். கொடுத்தவர் மனம் மாறித் தாமாகவே ரத்து செய்துவிட முடியாது. கடைசிக் காலத்தில் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் முறையிட வழி உண்டு. பிள்ளைகளுக்கு எழுதிவைக்க நினைக்கும் பெற்றோர் அந்த ஒரு வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உயில் அப்படியல்ல, எழுதியவரின் மறைவுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும், உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம், இரண்டு சாட்சிகள் தேவை, பதிவு கட்டாயமில்லை. விடுதலைப் பத்திரம் என்பது கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது.

கிரய ஒப்பந்தம், அதாவது அக்ரிமெண்ட், விற்பதற்கான உறுதிமொழி மட்டுமே. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி அதனால் சொத்தில் உரிமை எதுவும் வந்துவிடாது. தமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரமும் அப்படித்தான். அதை வைத்து மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கிவிட்டது. பவர் வாங்கியவரிடம் மனை வாங்கினால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரெட்டிச்சாவடியைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் வாங்குபவர்கள், அங்கே பதிவுக் கட்டணங்களும் வருவாய்த் துறை அமைப்பும் தனி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாகூர், அரியாங்குப்பம் போன்ற இடங்களில் ஊரோடு கொம்யூனின் (அங்குள்ள உள்ளாட்சிப் பிரிவின்) பெயரும் வரும். பழைய மூலப்பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கவும் கூடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்கு வாரிசுரிமை வேறு விதமாக அமையும் என்பதால், அத்தகைய சொத்தை வாங்குமுன் அந்தச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் மூலப்பத்திரத்தைக் காட்டி, யார் யார் கையெழுத்திட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.